தாய்ப்புட்டி

என் அக்காவின் சிறுநீரில் சர்க்கரை இருந்தது, ரத்தத்தில் இல்லை. சிறுநீரக மருத்துவர் அந்த இரண்டு அறிக்கைகளையும் மேஜைமேல் அடுத்தடுத்து வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எனக்கு அப்போதே எரிச்சல் வந்துவிட்டது. கெட்ட செய்தி சொல்லப்போகிறவர்கள்தான் இப்படிக் கண்ணாடி துடைத்து நேரம் கடத்துவார்கள்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள், நாற்பத்து மூன்று. தபால் பட்டுவாடா செய்கிறவள். இருபது வருஷமாக லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் ஏறி இறங்கி, முழங்கால் இரண்டும் முனக ஆரம்பித்திருந்தன. அந்த முழங்கால்களுக்கு நான் கொடுத்த மாத்திரையில் வலி போயே போய்விட்டது. அது உண்மை. அதை இப்போதும் மறுக்கமாட்டேன். ஆனால் ஆறேழு மாதமாக வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்குவது போல இருக்கிறது என்றாள். முதுகைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துச் சொறிந்தாள். முழங்கால் வலிக்காமலேயே இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள்.

"நாட்டு மருந்து, பொடி, மூலிகை, அந்த மாதிரி ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

கேட்டது அக்காவை. பதில் சொன்னது நான். "எங்க கம்பெனி மூட்டு மாத்திரை மட்டும்தான் டாக்டர், ரெண்டே கால் வருஷமா. அதுல ஒண்ணும் கிடையாது. நான் அங்கதான் கெமிஸ்ட். ஒவ்வொரு பேட்ச்சையும் நானே டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போடறேன்."

"நல்லதாப் போச்சு. அப்ப என்ன செடின்னு உங்களுக்குத் தெரியும்."

"சக்கரவேர்."

"அது மண்டிக்காரங்க வச்ச பேரு. நான் செடியோட பேரைக் கேட்டேன்."

மூக்கு உடைபட்டால் எனக்குக் காது சிவக்கும். சிவந்தது. படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். சீந்தில் வகையறாக் கொடி, வேரில் ஆல்கலாய்டுகள் உண்டு, வீக்கத்தைக் குறைக்கும், வலியை அடக்கும், அளவோடு எடுத்தால் தொந்தரவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் செருகினார். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கி, ஓரம் கரடுமுரடாகி இருந்தன. வேலை செய்வது பதினெட்டு சதவீதம்தான் என்றார்.

"வடிகட்டுற இடம் முதல்ல கெடலை. வடிகட்டினதைத் திருப்பி உறிஞ்சுற குழாய்கள்தான் முதல்ல செத்திருக்கு. அதனாலதான் ரத்தத்துல சர்க்கரை ஏறாமலே சிறுநீர்ல போகுது. இப்படிச் செய்யற சாமான் ரொம்பக் கிடையாது. அரிஸ்டோலோகிக் அமிலம், கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"பரீட்சையிலயே எழுதியிருக்கேன்."

"அப்ப அது உங்க மாத்திரையில இல்லேன்னு டெஸ்ட் பண்ணிக் கொண்டு வாங்க. இல்லேன்னா எனக்கும் சந்தோஷம், வேற காரணம் தேடுவோம். அதுவரைக்கும் மாத்திரையைத் தொடக் கூடாது." கடைசி வாக்கியத்தை அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள்.

வெளியே வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூலிகை என்றாலே இந்த ஆங்கில வைத்தியர்களுக்கு ஆகாது, எதற்கெடுத்தாலும் பழி போட ஒரு செடி வேண்டும், அப்படி இப்படி என்று. அக்கா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"டாக்டரோட சண்டை போட்டா கிட்னி பெருசாகாதுடி," என்றாள்.

அவள் வாய் அப்படித்தான். எனக்கு 'சோதனை' என்று பட்டப்பெயர் வைத்தவளும் அவள்தான்.

சக்கரவேர் என்பது ஒரு செடி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுக்கே வெட்டினால் சக்கரத்தின் ஆரங்கள் போல நடுவிலிருந்து கோடுகள் ஓடும் வேர்கள் எல்லாவற்றுக்கும் மண்டியில் அதுதான் பெயர். ஐந்தாறு கொடிகள் அந்தக் கூட்டத்தில் உண்டு. பெரும்பாலானவை சீந்தில் வகையறா, நல்லவை. ஒன்று மட்டும் வேறு குடும்பம். குழாய் மாதிரி வளைந்த பூ பூக்கும், அதனால் குழாய்ப்பூக்கொடி என்போம். அதன் வேரையும் வெட்டிக் காயவைத்தால் அதே சக்கரம், அதே சாம்பல் நிறம், அதே கசப்பு. அதுவும் வீக்கத்தைக் குறைக்கும். அதுதான் அதில் உள்ள கொடுமை. சாப்பிடுகிறவருக்கு நாளுக்கு நாள் சுகமாக இருக்கும். உள்ளே இருக்கும் அமிலம் சத்தமில்லாமல் சிறுநீரகத்துக்குப் போய், உயிரணுவின் கருவிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் எனக்கு ஒரு அறையும் சம்பளமும் வெள்ளைக் கோட்டும். வேலை இதுதான். வேர்த்தூளைச் சாராயத்தில் ஊறவைத்து, சாற்றில் ஒரு துளி எடுத்து, வெள்ளைப் பூச்சு பூசிய கண்ணாடித் தட்டின் அடியில் பொட்டு வைக்க வேண்டும். தட்டை மூடிபோட்ட தொட்டியில் நிறுத்தினால், அடியில் ஊற்றிய கரைப்பான் மெல்ல மேலே ஏறும். சாற்றில் உள்ளவற்றையும் இழுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்தில் விட்டுவிடும். பிறகு ஒரு மருந்தைத் தெளித்தால் ஆல்கலாய்டுகள் ஆரஞ்சு நிறத்தில் எழும்பும். இடது பக்கம் அசல் வேரின் பொட்டுகள், வலது பக்கம் புது பேட்ச்சின் பொட்டுகள். இரண்டும் ஒத்துப்போனால் பாஸ். ஒத்துப்போகாவிட்டால் மூட்டை வந்த வழியே திரும்பும்.

அந்த அசல் வேர்த்தூள் இருக்கும் பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டியைத்தான் தாய்ப்புட்டி என்போம். நான் வேலையில் சேர்ந்த வருஷம், ஒரு தாவர ஆராய்ச்சித் தோட்டத்திலிருந்து முத்திரை வைத்து வந்தது. இன்ன செடி, இன்ன இடத்தில் பறித்தது, இன்னார் பார்த்து உறுதி செய்தது என்று சான்றிதழோடு. நாலரை வருஷத்தில் தீர்ந்துபோயிற்று. புதிதாகக் கேட்டு எழுதினால் வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை பேட்ச்சுகள் நிற்குமா? உற்பத்தி மேலாளர் வாசலில் வந்து நின்றார். அவரை நாங்கள் 'அவசரம்' என்போம். அவர் வாயில் முதலில் வரும் சொல்லும் அதுதான், கடைசியில் வரும் சொல்லும் அதுதான்.

"அவசரம்மா. பாஸான பேட்ச்சுல இருந்தே கொஞ்சம் எடுத்துப் புட்டியில போட்டு வையேன். அது நல்ல வேர்னு நீதானே கையெழுத்துப் போட்டிருக்க?"

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. நான் பாஸ் செய்தது அசல். அசலை அசல் புட்டியில் போட்டால் என்ன தப்பு? ஐம்பத்தெட்டாம் பேட்ச்சில் பொட்டுகள் பளிச்சென்று வந்திருந்தன. அதிலிருந்து எடுத்து நிரப்பினேன். அது தீர்ந்ததும் அப்போது பாஸான பேட்ச்சிலிருந்து. அதுவும் தீர்ந்ததும் அடுத்ததிலிருந்து. மூன்றரை வருஷத்தில் ஏழு தடவை. தோட்டத்துக்கு எழுத வேண்டிய கடிதம் என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அது ஒரு பிழை என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஒருவருக்குத் தோன்றியிருந்தது. கிடங்குக்காரர். அவரை 'மூக்கு' என்று கூப்பிடுவோம். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே என்ன வேர் என்று சொல்லிவிடுவார். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு கை வேர்த்துண்டுகளோடு என் அறைக்கு வந்தார்.

"மேடம், வாசம் மாறியிருக்கு. லேசா கற்பூரம் மாதிரி அடிக்குது. முன்னாடி வந்த வேர் இப்படி இருக்காது."

"தட்டு பாஸ்னு சொல்லுது. உங்க மூக்கு ஃபெயில்னு சொல்லுது. நான் எதுல கையெழுத்துப் போடட்டும்?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வேர்த்துண்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எதையும் கொண்டுவந்து காட்டியதில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சோதனைக்காகத் திறந்த புட்டிகளை விற்க முடியாது. மிச்ச மாத்திரையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது எங்கள் வழக்கம். எழுபத்திரண்டாம் பேட்ச்சிலிருந்து நான் அவற்றை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பேட்ச்சைக்கூட விட்டதில்லை.

மருத்துவரைப் பார்த்த மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் சோதனை அறையைத் திறந்தேன். அந்த டாக்டரம்மாவின் முகத்தில் தாளை விட்டெறிய வேண்டும் என்ற வெறிதான் எனக்கு. தொண்ணூற்றொன்பதாம் பேட்ச் மேஜையில் காத்திருந்தது, அன்று மத்தியானம் லாரியேற வேண்டியது. அரிஸ்டோலோகிக் அமிலத்துக்கு எங்கள் வழக்கமான தெளிப்பு உதவாது. வெள்ளீயக் குளோரைடு தெளித்து, சூடாக்கி, புற ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். அமிலம் இருந்தால் அந்த இடம் பச்சையும் நீலமுமாக ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டு. கல்லூரியில் ஒரே ஒரு தடவை செய்திருக்கிறேன்.

இடது பக்கம் தாய்ப்புட்டி, வலது பக்கம் தொண்ணூற்றொன்பது. கரைப்பான் ஏற முக்கால் மணி நேரம். உலர்த்தி, தெளித்து, சூட்டுத்தட்டில் வைத்து எடுத்து, விளக்குப் பெட்டிக்குள் நீட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன்.

வலது பக்கம் ஒளிர்ந்தது.

மனசு எவ்வளவு கெட்டது பாருங்கள். முதலில் வந்த நினைப்பு, 'அப்பாடா, இந்த ஒரு பேட்ச் மட்டும்தான் கெட்டுப்போயிருக்கிறது' என்பதுதான். அதற்குப் பிறகுதான் இடது பக்கத்தைப் பார்த்தேன். அதுவும் ஒளிர்ந்தது, வலதைவிடப் பிரகாசமாக.

அடுத்த நான்கு மணி நேரம் நான் யாரோடும் பேசவில்லை. ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டு புட்டிகளை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த அலமாரியைத் திறந்து, பின்னோக்கிப் போனேன். தொண்ணூறு ஒளிர்ந்தது. எண்பது ஒளிர்ந்தது. எழுபத்திரண்டு, அக்காவுக்குக் கொடுத்த முதல் புட்டி, ஒளிர்ந்தது. அறுபத்தைந்தில் கொஞ்சம் மங்கல். ஐம்பத்தெட்டில் இதோ அதோ என்று ஒரு கீற்று. ஐம்பத்தேழு கும்மிருட்டு. அந்த இருட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் நான் நல்ல கெமிஸ்ட்.

பழைய தட்டுகளின் புகைப்படக் கோப்பை எடுத்து, படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். முதல் வருஷத் தட்டில் மூன்று ஆரஞ்சுப் பொட்டுகள். ஐம்பத்தெட்டில் மூன்று. அறுபத்தைந்தில் மேலே உள்ள பொட்டு வெளிறியிருந்தது. எழுபத்தைந்தில் அது இல்லவே இல்லை. எண்பத்தைந்துக்கு மேல் அடியில் ஒரே ஒரு பொட்டுதான். அது மேக்னோஃப்ளோரின் என்ற ஆல்கலாய்டு, நல்ல கொடியிலும் உண்டு, குழாய்ப்பூக்கொடியிலும் உண்டு. வியாபாரி ஒவ்வொரு தடவையும் கெட்ட வேரைக் கொஞ்சம் கூட்டிக் கலந்திருக்கிறான், அல்லது அவனுக்கே தெரியாமல் யாரோ அப்படித் தோண்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் அந்தக் கலப்பையே எடுத்துத் தாய்ப்புட்டியில் நிரப்பி, அடுத்த கலப்பை அதோடு ஒப்பிட்டிருக்கிறேன். வலது பக்கம் மங்கினால் இடது பக்கமும் கூடவே மங்கும். எந்தத் தட்டிலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு தட்டை அதற்கு முந்தைய வருஷத் தட்டோடு வைத்துப் பார்த்திருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. யாரும் என்ன யாரும், பார்க்க வேண்டியது நான் ஒருத்திதான்.

ஐம்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றெட்டு வரை நாற்பத்தொரு பேட்ச். ஒவ்வொரு தாளின் அடியிலும் என் கையெழுத்து. அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு உண்டு, கடைசி எழுத்தைச் சுழித்து அடிக்கோடு போடுவேன்.

ஒரு மணிக்கு அவசரம் வந்தார். தரையில் பரப்பிய படங்களைத் தாண்டி நின்று, "என்னம்மா இது கோலம்? லாரி வந்தாச்சு. தொண்ணூத்தொம்பது என்னாச்சு?" என்றார்.

நான் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். துணிக்குள் தலையை விடச் சொல்லித் தட்டைக் காட்டினேன். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, ரெண்டு பக்கமும் ஒளிருதுல்ல?"

"ஒளிருது."

"தாய்ப்புட்டியோட ஒத்துப்போகுதா இல்லையா?"

"ஒத்துப்போகுது."

"அப்ப விதிப்படி பாஸ்தானேம்மா?"

அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அடிக்கவில்லை. மூன்றரை வருஷமாக நான் செய்ததைத்தானே அவர் வாயால் சொல்கிறார். பேட்ச் தாளை இழுத்து 'ஃபெயில்' என்று எழுதினேன்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதுவ?"

"விஷம்னு எழுதுவேன்."

"எழுது. நாளைக்கு வந்து அலமாரியைத் திறப்பாங்க. நாப்பத்தொரு தாள்லயும் யார் கையெழுத்து இருக்கு? என்னோடது இல்லம்மா. யோசிச்சுச் செய்." மிரட்டுகிற மாதிரி ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் இறங்கியிருந்தது. என் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தரையில் கிடந்த படங்களைப் பார்த்தபடியே, "எத்தனை நாள் சாப்பிட்டா கெடுதல்?" என்று கேட்டார்.

"ஆளைப் பொறுத்தது. யார் சாப்பிடறாங்க?"

"என் வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி. பத்து மாசமா."

எழுந்து நடைவழிக்குப் போய்ப் போனை எடுத்தார். லாரியை நிறுத்தத்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், "அந்தப் பச்சை மூடி டப்பாவை எடுத்துக் குப்பையில போடு, இப்பவே போடு, ஏன்னு கேக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே லாரியில், ஏற்கெனவே பாஸான தொண்ணூற்றெட்டாம் பேட்ச்சின் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நானே ஓடினேன். வெள்ளைக் கோட்டோடு லாரிக்கு முன்னால் போய் நின்று கத்தியதில் ஏற்றுகிறவர்கள் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டார்கள். மூக்கு கிடங்கு வாசலில் நின்றிருந்தார். "கேட்டைப் பூட்டுங்க. நீங்க அன்னிக்குச் சொன்னது சரி," என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். நடந்துகொண்டே, "எங்க வீட்டுல அதை யாரையும் தொட விடலை மேடம்," என்றார். குத்திக்காட்டத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. குத்தியது.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நிறுவனத்தின் பெயரைக் கேட்டார், என் பதவியைக் கேட்டார், பேட்ச் எண்களைக் கேட்டார். நாற்பத்திரண்டையும் சொன்னேன். ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "பாஸ் பண்ணினது யாரு?" என்றார். "நான்தான்," என்றேன். எதையும் தொடாமல் அறையைப் பூட்டுங்கள், காலையில் ஆள் வரும் என்றார். வியாபாரிகளுக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லி இன்றைக்கே தகவல் போகும் என்றார். ஏற்கெனவே விழுங்கியவர்களைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. மாமா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அவள் ஜன்னலோர நாற்காலியில் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்திருந்தாள். கணுக்கால் உப்பி, காலுறையின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"அக்கா, மாத்திரையிலதான் இருந்துச்சு."

"எந்த பாட்டில்ல?"

"நான் உனக்குக் குடுத்த எல்லாத்துலயும்."

புட்டியைப் பற்றி, தட்டைப் பற்றி, ஏழு தடவை நிரப்பியதைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் நான் பேசி முடிக்கும்வரை விட்டது அன்றுதான். முடித்ததும் எழுந்து மேஜையிலிருந்து பழைய உறை ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதற?"

"மூணாவது மாடி டீச்சரம்மாவுக்குக் குடுத்தேன். தையல்கடைக்காரம்மாவுக்குக் குடுத்தேன். கால் வலின்னு சொன்னவங்களுக்கெல்லாம், என் தங்கச்சி டெஸ்ட் பண்ணினது, நம்பிச் சாப்பிடுங்கன்னு குடுத்தேன்." ஐந்து வீடுகள். கதவு எண், மாடி, எத்தனை மணிக்குப் போனால் ஆள் இருப்பார்கள் என்பது வரை தபால்காரிக்கே உரிய சுத்தத்தோடு எழுதி என்னிடம் நீட்டினாள். "நீயே போய்ச் சொல்லு. என்னால இனிமே படி ஏற முடியாது."

வாங்கிக்கொண்டேன். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"நிறுத்தியாச்சுல்ல? இனிமே கெடாதுல்ல?"

ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஒரே ஒரு சொல். ஆனால் அப்படித் தெரியாமல் எழுதிய 'பாஸ்' என்ற ஒரு சொல்லால்தானே இத்தனையும் வந்தது. "தெரியலைக்கா. அது உள்ள ஒட்டிக்கிட்டது ஒட்டிக்கிட்டதுதான். நிறுத்தினாலும் வடு பரவிக்கிட்டே போகலாம். பல வருஷம் கழிச்சுக் கட்டி வரலாம். வருஷா வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும்," என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்கத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அதை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி எங்க ஆபீஸ் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன், தலை சுத்துதுன்னு. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, எதுக்கும் அந்த மூலிகை மாத்திரையை நிறுத்திப் பாருங்கன்னு சொன்னார். உனக்குப் போன் பண்ணினேன்."

"எனக்கா? எப்ப?"

"மத்தியானம். தட்டு ஓடிக்கிட்டிருக்கு, சீக்கிரம் சொல்லுன்ன. சொன்னேன். 'அந்தாளுக்கு வேற வேலையில்ல, நீ பாட்டுக்குச் சாப்பிடு'ன்னு சொல்லி வச்சிட்ட."

எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்படி ஒரு மத்தியானம் என் தலைக்குள் எங்குமே இல்லை. ஆனால் சொன்னது நான்தான். ஒவ்வொரு சொல்லும் என் சொல்.

"அப்ப... கிட்னி எவ்வளவு வேலை செஞ்சுச்சு? சொன்னாரா?"

"நாப்பத்தஞ்சு."

நாற்பத்தைந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் நான் ஆறு புட்டிகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன், ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து. நேற்று மருத்துவர் அறையில் அவள் சொல்ல வந்து விட்டது இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. என் மானத்தை நேற்றே வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

தரையில் அவள் காலருகே உட்கார்ந்து அழுதேன். என்னைத் தேற்றவும் இல்லை, விரட்டவும் இல்லை. அழுகை ஓய்ந்ததும், "என்னோடது ஒண்ணு எடுத்துக்கோக்கா. கூடப் பொறந்தவளோடது சேர நல்ல வாய்ப்பு இருக்கு. நாளைக்கே போய் டெஸ்ட்டுக்குக் குடுக்கறேன். உனக்கு வேணாம்னு மட்டும் சொல்லிடாத," என்றேன்.

என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தா. வாங்கிக்கறேன்," என்றாள். "ஆனா அந்த டெஸ்ட்டையாவது வேற யாராவது பண்ணட்டும்."

வழக்கமாக இப்படி ஏதாவது சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை.